டெட்ராய்ட்டின் ஐ-375: ஒரு மைல் விரைவுச்சாலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ-375 எங்கே இருக்கிறது? எவ்வளவு நீளம்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரத்தின் மையப்பகுதிக்குக் கிழக்கு ஓரமாக இருக்கிறது. நீளம் 1.062 மைல், அதாவது சுமார் 1.7 கிலோமீட்டர். வடக்கே ஐ-75 நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, தெற்கே ஆற்றங்கரையை ஒட்டிப் போகும் ஜெஃபர்சன் அவென்யூவில் முடிகிறது. காரில் போனால் ஒன்றிரண்டு நிமிடம். சுங்கக் கட்டணம் கிடையாது.

இவ்வளவு சின்னச் சாலையைப் பற்றி இத்தனை பேர் ஏன் பேசுகிறார்கள்?

அது எதன்மீது போடப்பட்டது என்பதனால்தான். அந்த இடத்தில் ஹேஸ்டிங்ஸ் தெரு இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் டெட்ராய்ட்டின் கருப்பின மக்களுக்குக் கடைத்தெருவும் இசைக்கூடமும் மருத்துவரும் வக்கீலும் கிடைத்த தெரு அது. இப்போது அந்த விரைவுச்சாலையை எடுத்துவிட்டு, தரைமட்டத்தில் சாதாரண நகரச் சாலை போடலாம் என்ற திட்டம் வந்ததும் பழைய கணக்கு மறுபடி திறந்துகொண்டது. யார் இழந்தார்கள், யாருக்கு என்ன திருப்பித் தர முடியும் என்பதே அந்தக் கணக்கு.

375 என்ற எண் எப்படி வந்தது?

அமெரிக்காவின் மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைகளில் (இன்டர்ஸ்டேட், சுருக்கமாக ‘ஐ’) மூன்று இலக்க எண் இருந்தால், கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையைச் சொல்லும். இங்கே 75. முதல் இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் அது தாய்ச் சாலையிலிருந்து பிரிந்து ஊருக்குள் போய் நின்றுவிடும் கிளை. இரட்டைப்படை என்றால் பெரும்பாலும் ஊரைச் சுற்றிவந்து மறுபடி தாய்ச் சாலையில் சேரும் வளையம். தாய்ச் சாலையான ஐ-75 புளோரிடாவின் மயாமி பக்கத்திலிருந்து கனடா எல்லையிலுள்ள சூ செயின்ட் மரீ வரை 1,780 மைலுக்கு மேல் ஓடுகிறது. அதன் மிகச் சிறிய கிளைகளில் ஒன்று இது.

புளோரிடாவிலும் ஒரு ஐ-375 இருக்கிறதே?

இருக்கிறது, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில். அதுவும் ஐ-75 குடும்பத்தைச் சேர்ந்த கிளைதான், அதுவும் சிறியதுதான். கிளை எண்களை வேறு வேறு மாநிலங்கள் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது விதி. இரண்டு சாலைகளுக்கும் வேறு தொடர்பு இல்லை. இந்தப் பக்கம் முழுவதும் டெட்ராய்ட் சாலையைப் பற்றியது.

நாட்டிலேயே மிகக் குட்டையான இன்டர்ஸ்டேட் இதுதானா?

ஒரு காலத்தில் அப்படிச் சொல்லப்பட்டது. எண் பலகை வைக்கப்பட்டவற்றில் இதுதான் மிகக் குட்டை என்ற பெயர் இருந்தது. பிறகு டெக்சஸ் மாநிலம் எல் பாசோவில் உள்ள ஐ-110 சாலைக்குப் பலகை வைத்தார்கள். அந்தப் பெயர் அங்கே போய்விட்டது.

வடக்கிலிருந்து வந்தால் பாதை எப்படிப் போகிறது?

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் ஆரம்பத்திலேயே இருக்கிறது. வடக்கிலிருந்து ஐ-75 வழியாக நகரத்துக்குள் வரும் சாலையின் பெயர் கிரைஸ்லர் ஃப்ரீவே (ஃப்ரீவே என்றால் விரைவுச்சாலை). நகர மையத்தின் வடகிழக்கு மூலையில் ஐ-75 இந்த ஃப்ரீவேயை விட்டுவிட்டு மேற்கே திரும்பி ஃபிஷர் ஃப்ரீவேயில் ஏறுகிறது. எண் திரும்பிவிட்டாலும் சாலை நேரே போகிறது. ஐ-75 எண்ணிலேயே தொடர வேண்டும் என்றால் வலப்பக்கம் வளையும் இணைப்பில் போக வேண்டும். பலகையைப் பார்க்காமல் நேரே ஓட்டினால் ஐ-375க்குள் வந்துவிடுவீர்கள். அதே சந்திப்பிலிருந்து கிழக்குப் பக்கமாக கிராஷியட் அவென்யூவுக்கு ஓர் இணைப்பும் பிரிகிறது.

அதற்குப் பிறகு சாலை தரையைவிடத் தாழ்ந்து, இரு பக்கமும் சரிவுள்ள பள்ளத்தில் தெற்கே போகிறது. குறுக்குத் தெருக்கள் தலைக்கு மேலே பாலங்களில் கடக்கின்றன. மேலே இரு பக்கமும் சர்வீஸ் ரோடு. மேற்குக் கரையில் வடக்குப் பக்கம் ஃபோர்டு ஃபீல்டு என்ற அமெரிக்கக் கால்பந்து அரங்கமும் கொமெரிகா பார்க் பேஸ்பால் அரங்கமும், அதைத் தாண்டி கிரீக்டவுன் என்ற கடைவீதிப் பகுதியும் இருக்கின்றன. கிழக்குக் கரையில் லஃபாயெட் பார்க் குடியிருப்பின் மரங்களும் கண்ணாடிக் கட்டடங்களும். ஈஸ்டர்ன் மார்க்கெட் என்ற பெரிய காய்கறிச் சந்தை வடகிழக்கில். தெற்கு முனையில் சாலை மேற்காக வளைந்து மேலேறி, ரெனசான்ஸ் சென்டர் கோபுரங்களுக்கு அருகே ஜெஃபர்சன் அவென்யூவில் சேர்ந்துவிடுகிறது.

அங்கிருந்து ஜெஃபர்சனின் ஒரு சிறு துண்டுக்கு ஐ-375 வணிகக் கிளை என்று அரசு ஏட்டில் பெயர் இருக்கிறது. பலகை கிடையாது. அந்தத் துண்டு கனடாவின் வின்ட்சர் நகரத்துக்குப் போகும், 1930-ல் திறந்த ஆற்றடிச் சுரங்கப்பாதையின் பக்கம் கொண்டுபோய் விடும்.

கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது?

இரண்டு பேட்டைகள். தெற்கே பிளாக் பாட்டம் என்ற குடியிருப்பு. அங்கே மண் கறுத்துச் செழிப்பாக இருந்ததால் பிரெஞ்சு விவசாயிகள் காலத்திலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜெர்மானியர், யூதர், இத்தாலியர், கிரேக்கர் என்று வந்திறங்கிய குடிகள் முதலில் தங்கியது அங்கேதான். வடக்கே பாரடைஸ் வேலி என்ற கேளிக்கைப் பகுதி. இரண்டையும் கோத்துக்கொண்டு வடக்குத் தெற்காக ஓடியது ஹேஸ்டிங்ஸ் தெரு.

முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து தென்மாநிலங்களிலிருந்து கருப்பின மக்கள் கார்த் தொழிற்சாலை வேலைக்காக டெட்ராய்ட்டுக்குப் பெருமளவில் வந்தார்கள். வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. நகரத்தின் பல பகுதிகளில் வீட்டுப் பத்திரத்திலேயே ‘கருப்பினத்தவருக்கு விற்கக்கூடாது’ என்ற நிபந்தனை எழுதியிருந்தார்கள். ஆகவே வந்தவர்கள் எல்லாரும் இந்த ஒரே பகுதிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ வேண்டியதாயிற்று. மரவீடுகள் பழையவை, வாடகை அதிகம், பல வீடுகளில் உள்ளே கழிப்பறை இல்லை. 1930களில் கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் அமைப்பு போட்ட வரைபடத்தில் இந்தப் பகுதி சிவப்பு. சிவப்பு என்றால் கடன் கிடைக்காது, கடன் இல்லையென்றால் வீட்டைப் பழுதுபார்க்க வழியில்லை. பின்னால் அதே வீடுகளைக் காட்டி ‘சேரி’ என்று எழுதி இடித்தார்கள். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும்.

அந்த நெருக்கடிக்குள்ளேதான் மருந்துக்கடை, முடிதிருத்தகம், ஹோட்டல், பத்திரிகை அலுவலகம், தேவாலயம் எல்லாம் கருப்பின உரிமையாளர்கள் கையில் வளர்ந்தன. பாரடைஸ் வேலியின் கிளப்புகளில் டியூக் எலிங்டன், பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், கவுண்ட் பேஸி போன்றவர்கள் பாடி வாசித்தார்கள். ஜான் லீ ஹூக்கர் ஹேஸ்டிங்ஸ் தெருவில் வாசித்துத்தான் வளர்ந்தார். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் குடும்பம் அலபாமாவிலிருந்து வந்து தங்கியதும், பிற்காலத்தில் நகரத்தின் முதல் கருப்பின மேயரான கோல்மன் யங் வளர்ந்ததும் பிளாக் பாட்டத்தில்தான்.

அப்படியானால் பிளாக் பாட்டத்தை அழித்தது இந்த விரைவுச்சாலையா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான். ‘ஆமாம்’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்வது உண்மையில் பாதியை விட்டுவிடுவதாகும்.

பிளாக் பாட்டத்தின் பெரும்பகுதி, சாலைக்கு ஒரு மண்வெட்டி விழும் முன்பே இடிக்கப்பட்டுவிட்டது. 1946-ல் மேயர் எட்வர்ட் ஜெஃப்ரீஸ் ‘டெட்ராய்ட் திட்டம்’ என்று ஒன்றை அறிவித்தார். கிராஷியட் அவென்யூவை ஒட்டிய 129 ஏக்கர் நிலத்தை நகராட்சி கையகப்படுத்தும், கட்டடங்களை இடிக்கும், பிறகு தனியார் கட்டுமானக்காரர்களுக்கு விற்கும் என்பதே திட்டம். 1949-ல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதிச் சட்டம் அதற்குப் பணவழி திறந்தது. 1950-ல் மேயரான ஆல்பர்ட் கோபோ இடிக்கும் வேலையைத் தொடங்கினார். பலருக்கு முப்பது நாள் நோட்டீஸ்தான். இடித்த நிலத்தை வாங்கக் கட்டுமானக்காரர்கள் உடனே வரவில்லை. பல வருடம் புல்லும் பூண்டும் மண்டிக் கிடந்தது. ‘களைச்செடி ஏக்கர்’ என்று ஊர்மக்கள் பெயர் வைத்தார்கள்.

விரைவுச்சாலை எடுத்துக்கொண்டது ஹேஸ்டிங்ஸ் தெருவை. 1950களின் பிற்பகுதியில் அது வந்தபோது, சுற்றியிருந்த வீடுகள் போய் வாடிக்கையாளர்கள் சிதறிய பிறகும் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த கடைத்தெருவும் அதோடு பாரடைஸ் வேலியின் மிச்சமும் போயின. முதலில் குடியிருப்பை இடித்தது நகர்ப்புறச் சீரமைப்பு, பிறகு கடைவீதியை எடுத்தது சாலை. இரண்டும் ஒரே நகராட்சி, ஒரே கால எண்ணத்தின் இரண்டு கைகள்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. குற்றத்தை முழுக்கச் சாலையின் மேல் போட்டுவிட்டால், சாலையை மூடினால் கணக்குத் தீர்ந்தது என்று ஆகிவிடும். பள்ளத்துக்குக் கிழக்கே, சாலை தொடவே தொடாத நிலத்தில் வாழ்ந்த குடும்பங்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டா.

கிழக்குப் பக்கத்தில் இப்போது இருக்கும் லஃபாயெட் பார்க் என்ன?

களைமண்டிக் கிடந்த அந்த நிலத்தில் எழுந்த குடியிருப்பு. கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ, நகரமைப்பாளர் லுட்விக் ஹில்பர்சைமர், நிலத்தோற்றக் கலைஞர் ஆல்ஃபிரட் கால்ட்வெல், கட்டுமான முதலீட்டாளர் ஹெர்பர்ட் கிரீன்வால்ட் சேர்ந்து செய்தது. முதல் உயர்கட்டடமான பெவிலியன் 1958-ல் முடிந்தது. 2015-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. கட்டடக்கலையாகப் பார்த்தால் உண்மையிலேயே அழகானது. தொடக்கம் முதலே இரு இனத்தாரும் அங்கே வாழ்ந்தார்கள். ஆனால் இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே வாடகை கட்டுப்படியாகவில்லை.

சாலை எப்போது திட்டமிடப்பட்டது? எப்போது திறந்தது?

விரைவுச்சாலை டெட்ராய்ட்டுக்குப் புதிதல்ல. 1942-லேயே தரைக்குக் கீழே பள்ளத்தில் ஓடும் டேவிசன் ஃப்ரீவே அங்கே திறந்துவிட்டது. போர் முடிந்ததும் நகரத்திலிருந்து எல்லாத் திசைக்கும் விரைவுச்சாலை போடும் வரைபடம் தயாரானது. அதில் ஹேஸ்டிங்ஸ் வழியாக வடக்கே போகும் பாதையும் இருந்தது. பழைய ஆவணங்களில் அதற்கு ஹேஸ்டிங்ஸ், ஓக்லாண்ட் தெருக்களின் பெயர்தான். பிறகு கார் நிறுவன அதிபர் வால்டர் பி. கிரைஸ்லரின் பெயர் வந்தது.

1956-ல் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம் வந்ததும் நிலைமை தலைகீழானது. இன்டர்ஸ்டேட் சாலைக்கு ஆகும் செலவில் 90 சதவீதத்தை வாஷிங்டன் தரும் என்றாயிற்று. நகரத்துக்கு வேண்டிய பாதைக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளூரில் தேடினால் போதும். 1959-ல் வேலை தொடங்கியது. ஐ-375 பகுதி 1964 ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது. வடக்கே ஐ-75 எண்ணில் தொடரும் கிரைஸ்லரின் மற்றப் பகுதிகளும் மேற்கே போகும் ஃபிஷர் ஃப்ரீவேயும் கட்டம் கட்டமாக முடிந்தன.

ஏன் மேம்பாலமாக இல்லாமல் பள்ளத்தில் போட்டார்கள்?

டெட்ராய்ட்டின் வழக்கம் அது. பள்ளத்தில் போட்டால் குறுக்குத் தெருவைப் பாலத்தில் சமதளமாகக் கொண்டுபோகலாம், சத்தமும் ஓரளவு அடங்கும். ஆனால் எல்லாத் தெருவுக்கும் பாலம் கட்டவில்லை. பல தெருக்கள் பள்ளத்தின் விளிம்பில் நின்றுவிட்டன. முன்பு வீட்டிலிருந்து நேரே நடந்து போன இடத்துக்கு, சர்வீஸ் ரோட்டில் சுற்றி, பாலம் ஏறி, மறுபடி சர்வீஸ் ரோட்டைக் கடந்து போக வேண்டியதாயிற்று.

வெளியேற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள்?

போக இடம் இல்லாதபடி செய்துவிட்டுத்தான் வெளியேற்றினார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். வெளிப்பகுதிகளில் பொதுக் குடியிருப்புகள் கட்ட முன்மொழிந்திருந்த பன்னிரண்டு திட்டங்களில் எட்டை மேயர் கோபோ பதவியேற்றதும் நிராகரித்தார். வெள்ளையர் பகுதிகளின் எதிர்ப்பே காரணம். விரைவுச்சாலையாலும் சேரி ஒழிப்பாலும் வரும் இடைஞ்சல் முன்னேற்றத்துக்குக் கொடுக்கும் விலை என்பது அவர் வாதம். வாடகைக்கு இருந்தவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் இடமாற்ற உதவியைச் சட்டக் கடமையாக்கிய விரிவான கூட்டாட்சிச் சட்டம் 1970-ல்தான் வந்தது. இங்கே எல்லாம் முடிந்து ஆறு வருடத்துக்குப் பிறகு.

சிலர் பக்கத்திலிருந்த ப்ரூஸ்டர்-டக்ளஸ் பொதுக் குடியிருப்புக்குப் போனார்கள். ஏராளமானோர் நகரத்தின் மேற்குப் பக்கம், 12-ஆம் தெருவைச் சுற்றியுள்ள பகுதிக்குப் போனார்கள். ஒரு குடும்பத்துக்கான பிளாட்டுகளைப் பிரித்துப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டதால் அங்கேயும் அதே நெருக்கடி. 1967 ஜூலையில் டெட்ராய்ட்டின் பெருங்கலவரம் தொடங்கியது அந்த 12-ஆம் தெருவில்தான். 43 பேர் இறந்தார்கள். கலவரத்துக்குப் போலீஸ் கொடுமை முதல் வேலையின்மை வரை பல காரணங்கள் உண்டு. வீட்டை இழந்தவர்களை ஒரே இடத்தில் கொண்டுபோய்க் குவித்ததும் அவற்றில் ஒன்று.

ஜோ வான் பேட்டில் என்பவரின் வாழ்க்கையில் இந்தக் கதை முழுதும் தெரியும். ஹேஸ்டிங்ஸ் தெருவில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். கடையின் பின்பக்கத்தில் ஒலிப்பதிவும் செய்தார். போதகர் சி.எல். ஃபிராங்க்ளினின் பிரசங்கங்களையும், அவர் மகள் அரீதா பதின்வயதில் பாடிய முதல் பாடல்களையும் பதிவு செய்தவர் அவர்தான். விரைவுச்சாலை வந்ததும் கடையை 12-ஆம் தெருவுக்கு மாற்றினார். 1967-ல் அந்தக் கடையும் அழிந்தது. அவர் கடையும் ஃபிராங்க்ளினின் நியூ பெத்தேல் தேவாலயமும் இருந்த ஹேஸ்டிங்ஸ் துண்டு இன்றைய ஐ-375க்கு வடக்கே, கிரைஸ்லர் ஃப்ரீவே ஐ-75 என்ற எண்ணில் போகும் பகுதியைச் சேர்ந்தது. எனவே ‘ஐ-375 அவரை வெளியேற்றியது’ என்று எழுதுவது கறாராகப் பார்த்தால் சரியல்ல. தெரு ஒன்றுதான், போட்ட சாலையும் ஒன்றுதான், எண்தான் இரண்டு. ஐ-375ஐ மட்டும் மூடும் திட்டம் ஹேஸ்டிங்ஸ் தெரு இழந்ததில் எத்தனை சிறிய பங்கைத் தொடுகிறது என்பதும் இதிலிருந்தே தெரியும்.

சாலை எதிர்பார்த்த பலனைத் தந்ததா?

அலுவலகம் போகிறவர்களுக்கும் சுரங்கப்பாதைக்குப் போகிறவர்களுக்கும் வசதிதான். நகர மையத்துக்கு ஆட்களைக் கொண்டுவரும் என்று சொல்லிப் போட்டார்கள். 1950-ல் சுமார் 18.5 லட்சமாக இருந்த டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 2020-ல் 6.4 லட்சத்துக்கும் குறைவு. அந்தச் சரிவுக்கு இந்த ஒரு மைல் காரணமல்ல. ஆனால் சரிந்த ஊருக்கு, அதன் மையத்தையும் கிழக்குக் குடியிருப்பையும் பிரிக்கும் ஒரு பள்ளம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது.

சாலையை எடுக்கும் திட்டம் எப்படி வந்தது?

பாலங்களுக்கு வயதாகிவிட்டது, பழைய வளைவுகளும் இணைப்புகளும் இன்றைய பாதுகாப்பு அளவுகளுக்குப் பொருந்தவில்லை. எப்படியும் பெருஞ்செலவு வரும் என்ற நிலையில், அதே பணத்தில் வேறு என்ன செய்யலாம் என்று மாநிலப் போக்குவரத்துத் துறை 2010களின் நடுவில் ஆராயத் தொடங்கியது. பள்ளத்தை நிரப்பித் தரைமட்டத்தில் சிக்னல்களோடு ஒரு அகலச்சாலை போடுவது, நடைபாதையும் சைக்கிள் தடமும் அமைப்பது, வடக்குச் சந்திப்பைத் திருத்துவது என்பது முடிவானது. 2022-ல் கூட்டாட்சியின் சுற்றுச்சூழல் ஒப்புதல் கிடைத்தது. அதே வருடம் செப்டம்பரில் 10.46 கோடி டாலர் மானியம் அறிவிக்கப்பட்டது. மொத்தச் செலவு அப்போது சுமார் 30 கோடி டாலர் என்றார்கள்.

அதற்கு ஏன் எதிர்ப்பு?

எதிர்ப்பு வெவ்வேறு பக்கத்திலிருந்து வந்தது. லஃபாயெட் பார்க்கில் இருப்பவர்களும் கிரீக்டவுன் கடைக்காரர்களும் பல வருடக் கட்டுமானத் தொல்லையைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நகரமைப்பு ஆர்வலர்கள், புதிய சாலை இத்தனை அகலமாக இருந்தால் பள்ளம் போய்த் தடுப்பு மட்டும் மேலே வரும் என்றார்கள். ஆறு தடமும் அதற்கு மேலும் உள்ள சாலையைக் கைக்குழந்தையோடோ ஊன்றுகோலோடோ கடப்பது எளிதல்ல. எனக்கும் இந்த வாதம் சரியென்றே படுகிறது.

பிளாக் பாட்டம் குடும்பங்களின் வாரிசுகள் கேட்டது வேறு. பள்ளத்தை நிரப்பினால் சுமார் 30 ஏக்கர் நிலம் மிஞ்சும். அது யாருக்கு? நகர மையத்தை ஒட்டிய நிலம், விலை சொல்லி மாளாது. அதைச் சந்தை விலைக்கு விற்றால் வாங்குபவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். நிலம் சமூக அறக்கட்டளைக்கா, குறைந்த வாடகை வீடுகளுக்கா, கருப்பினத் தொழில்முனைவோருக்கா, விற்ற பணம் எந்தக் கணக்கில் போகும் என்பதற்கெல்லாம் கட்டுப்படுத்தும் பதில் முதலில் வேண்டும் என்கிறார்கள். சாலை வடிவமைப்பைவிட இதுதான் பெரிய விஷயம். சாலையை அகலமாகப் போட்டுவிட்டால் பிறகு குறுக்கலாம், நிலத்தை ஒருமுறை விற்றுவிட்டால் போனது போனதுதான்.

இப்போது என்ன நிலைமை?

2025-ல் வேலை தொடங்கும் என்று சொல்லியிருந்தார்கள். மதிப்பீடு 50 கோடி டாலரைத் தாண்டியதும் 2025 ஆகஸ்டில் மாநிலப் போக்குவரத்துத் துறை திட்டத்தை நிறுத்திவைத்தது. சாலையை முழுக்க எடுப்பதா, மலிவான வடிவம் தேடுவதா, பழுதுபார்த்து அப்படியே வைத்துக்கொள்வதா என்ற விவாதம் அதோடு மறுபடி தொடக்கத்துக்கு வந்தது. நிலத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்க இந்த இடைவெளியைப் பயன்படுத்தலாம். சாலைக்கான பணம் வந்தபின் கேட்டால், ‘இப்போது நேரமில்லை’ என்ற பதில்தான் வரும்.

ஹேஸ்டிங்ஸ் தெருவில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது. வடக்கே, கிராண்ட் பூல்வார்டு பக்கம், அந்தப் பெயரில் ஒரு சிறு துண்டு தெரு இன்னும் உண்டு. நகர மையத்திலிருந்து தேடிப் போகிறவர்கள் ஐ-375 முனையிலிருந்து வடக்கே சில மைல் போக வேண்டும்.